கைவினையும் அங்காடியும்

மேற்கே பொதிகை மலை, தென்கிழக்கே கடல். இவ்விரண்டிற்கும் இடையே பரந்து கிடப்பது திருநெல்வேலி மாவட்டம். பொதிகையிற் பிறக்கும் பொருநை, அஃதாவது தாமிரபரணி, பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும் செழித்து மருத நிலத்தின் வளத்தைக் காட்டும். இராதாபுரம் வட்டத்தின் கடற்கரைப் பகுதியோ கூடங்குளம் முதலிய ஊர்களைத் தன்பாற் கொண்டு, மணலும் செம்மண்ணும் பனைக் கூட்டமுமாய்க் காட்சியளிக்கும். நீர்வளம் மிக்க ஆற்றங்கரை தருவது கோரை. மழை குறைந்த கடற்கரை தருவது பனை. ஒன்று முழங்காலளவு நீரில் நிற்பது. மற்றொன்று வானளாவ ஓங்குவது. ஆயினும் இவ்விரண்டும் ஓரினம் என்று கருதத்தக்கன. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைத்தார். அவ்வகையால் நோக்கின் கோரையும் புல், பனையும் புல். இவ்விரு புற்களையும் நம்பிப் பல்லாயிரம் கைகள் பல தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளன. அக்கைகளின் திறமையையும், அத்திறமை வாழ்வதற்கு வேண்டிய அங்காடியின் இயல்பையும் அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மாதேவிக்கு அண்மையில் உள்ள ஊர் பத்தமடை. இவ்வூரின் பெயரைப் பாயோடு சேர்த்துச் சொல்லுவதே தமிழ்நாட்டு வழக்கம். பாய் நெய்யும் ஊர்கள் பல உண்டு. ஆனால், துணியைப்போல் மடித்துக் கைப்பெட்டியில் வைக்கத்தக்க பாயை நெய்யும் ஊர் இதுவே. கோரையைப் பச்சையாக அறுத்துக் கிழித்து வெயிலில் உலர்த்துவர். உலர்ந்ததைக் கட்டுகளாகக் கட்டி ஓடும் நீரில் பல நாள் ஊறவிடுவர். ஊறிய கோரை பருத்து மென்மை அடையும். அதனை மீண்டும் உலர்த்தி, மயிரிழைபோல நுண்ணிதாகக் கிழித்துச் சாயம் ஏற்றுவர். பருத்தி நூலைப் பாவாக இழுத்துத் தரையளவில் கட்டுவர். கோரை இழையை நீண்ட மெல்லிய குச்சியின் துணையால் ஒவ்வொன்றாகப் பாவினூடே செலுத்தி அச்சினால் இறுக்குவர். பாவில் நூல் நெருங்க நெருங்கப் பாயின் நேர்த்தி கூடும். மிக நுண்ணிய பாயைப் பட்டுப்பாய் என்று வழங்குவர். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் இவ்வூரார்க்குக் கைவந்த கலை. இத்தொழிலில் ஈடுபட்டிருப்போருள் இசுலாமியக் குடும்பத்துப் பெண்டிர் பலராவர். இவ்வூர்ப் பாயின் தனிச்சிறப்பைக் காக்கும் பொருட்டு, சட்டம் வழங்கும் புவிசார் குறியீடும் இதற்குக் கிடைத்துள்ளது.

இனி, கடற்கரைப் பனையை நோக்குவோம். 1978-ஆம் ஆண்டு பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. அதன் பதநீர் கருப்பட்டியாகிறது, நார் கட்டிலாகிறது, மட்டை வேலியாகிறது, ஓலை பெட்டியாகவும் விசிறியாகவும் முறமாகவும் உருப்பெறுகிறது. இளங்குருத்தோலையை வெயிலில் வெளுக்கவைத்துச் சீராக வகிர்ந்து, சிலவற்றிற்குச் சாயமிட்டு, பல வண்ணம் கலந்து முடையும் திறம் இப்பகுதிப் பெண்டிர்க்கு இயல்பாக அமைந்தது. இன்று கூடங்குளத்தில் ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் ஆற்றலுடைய இரண்டு அணு உலைகள் மின்சாரம் ஆக்குகின்றன. முதல் உலையின் மின்சாரம் 2013-இல் மின்தொகுப்பில் சேர்ந்தது. இரண்டாம் உலையினது 2016-இல் சேர்ந்தது. அத்துணைப் பெரிய மின்னுற்பத்தி நடக்கும் அதே வட்டாரத்தில், ஒரு துளி மின்சாரமும் வேண்டாத தொழிலாக ஓலை முடைதல் நிலவுகின்றது. பேராலையும் ஒரு நாட்டிற்கு வேண்டுவதே. சிறு தொழிலும் வேண்டுவதே. ஆயின், பேராலையைக் காப்பதற்குப் பெரும் பொருளும் பெரும் அமைப்பும் உள்ளன. சிறு தொழிலைக் காப்போர் யாவர் என்பதே ஆராயத்தக்கது.

கோரைப்பாய், ஓலைப்பெட்டி, கைத்தறித் துணி ஆகிய இவற்றை இக்காலத்தார் நிலைபேறுடைய பொருள்கள் என்று போற்றுகின்றனர். நிலைபேறு என்பது யாது? ஒரு பொருளை எடுத்துப் பயன்படுத்தியபின், அது மீண்டும் தோன்றுமாயின், அப்பயன் நிலைபெறும். எடுக்க எடுக்கக் குறைந்து ஒருநாள் அற்றுப்போகுமாயின், அது நிலைபெறாது. இக்கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தவருள் தமிழராகிய ஜே. சி. குமரப்பா முதன்மையானவர். 1892-இல் தஞ்சாவூரிற் பிறந்த அவர், காந்தியடிகளின் முயற்சியால் 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தும் பொறுப்பினை ஏற்றவர். நிலைத்த பொருளாதாரம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் தேக்கி வைத்த நீர் போன்றவை. முகக்க முகக்க வற்றுவன. புல்லும் மரமும் ஓடும் ஆறு போன்றவை. முறையறிந்து எடுப்பின் என்றும் வற்றாதன. இதுவே அவர் நெறியின் சாரமாகும்.

இந்நெறியைக் கொண்டு கோரைப்பாயையும் பிளாஸ்டிக் பாயையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோரையை அறுத்தால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். பாய் பழமையுற்றுக் கிழிந்தால் மண்ணோடு மண்ணாய் மக்கி எருவாகும். பிளாஸ்டிக் பாயோ நிலத்தடி எண்ணெயிலிருந்து பிறப்பது, கிழிந்தபின் மக்காது, மழைநீர் நிலத்துள் இறங்குவதைத் தடுக்கும், எரித்தால் நச்சுப் புகையைப் பரப்பும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. துணிப்பையின் பழக்கத்தை மீட்பதற்காக, மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கத்தை 2021-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் தொடங்கியது. புதியதொரு கேட்டினைக் கண்டபின், பழைய பொருளின் அருமை புலப்படுகின்றது.

அருமை புலப்பட்டால் மட்டும் தொழில் வாழ்ந்துவிடுமோ எனின், வாழாது. புகழ்ச்சி வயிற்றை நிரப்பாது. செய்த பொருள் விலையாகி, அவ்விலை செய்தவர் கைக்கு முறையாக வந்து சேரவேண்டும். இங்கேதான் கைவினையின் பெருந்துன்பம் தொடங்குகின்றது. ஒரு நுண்பாயை நெய்து முடிக்க 20 நாள் ஆகும் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலி எனின், கூலி மட்டும் 6,000 ரூபாய். கோரை, நூல், சாயம் ஆகியவற்றிற்கு 1,000 ரூபாய் எனின், அப்பாயின் அடக்கவிலை 7,000 ரூபாய். நெசவு செய்தவள் வீட்டிலோ அரிசி வாங்கப் பணமில்லை. இந்நிலையை அறிந்த வணிகன் ஒருவன் அப்பாயை 3,500 ரூபாய்க்குக் கேட்கின்றான். மறுத்தால் அன்றைய உணவுக்கு வழியில்லை. இசைந்தால், பொருட்செலவு போக அவளுக்கு எஞ்சுவது 2,500 ரூபாய். அதனை 20 நாளுக்குப் பகிர்ந்தால், நாட்கூலி 125 ரூபாயே ஆகின்றது. அதே பாயை அவ்வணிகன் நகரத்திற்கு எடுத்துச் சென்று 8,000 ரூபாய்க்கு விற்கக்கூடும். தாய் பெற்ற கூலியைக் கண்ட மகள் அத்தொழிலைக் கற்பாளா? கல்லாள். இவ்வாறு, ஒரு தலைமுறையில் விலை குறையின், அடுத்த தலைமுறையில் கலையே மறைந்துபோம்.

இத்துன்பம் நெசவாளியின் சோம்பலால் வருவதன்று; அறியாமையால் வருவதும் அன்று. அவளிடம் பொருளைத் தேக்கி வைக்க முதல் இல்லை. தொலைவில் உள்ள வாங்குவோரை அடைய வழி இல்லை. மணக்காலத்தில் பாய்க்கும் பட்டிற்கும் தேவை மிகும். மற்றைத் திங்களில் குறையும். ஆனால் பசிக்குப் பருவம் உண்டோ? ஆகவே செய்வோர்க்கும் கொள்வோர்க்கும் நடுவே, பொருளை வாங்கி வைக்கும் வலிமையும், விலையை மறைக்காத நேர்மையும் உடைய ஓர் அங்காடி வேண்டப்படுகின்றது.

நேர்மையுடைய வாணிகம் தமிழர்க்குப் புதியதன்று. பகலில் நடக்கும் நாளங்காடியும் இரவில் நடக்கும் அல்லங்காடியும் பழைய மதுரையில் இருந்தமையை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. பூம்புகார் வணிகர், தாம் பெறுவதில் மிகுதியையும் தாம் தருவதில் குறைவையும் நாணினர் என்று பட்டினப்பாலை அவர்தம் நடுவுநிலையைப் பாராட்டுகின்றது. நெசவாளராகிய காருகர் அந்நகரில் வாழ்ந்த இருக்கையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பிற்காலத்தில் நாடு அயலார் ஆட்சிக்கு உட்பட்டபோது, பிறநாட்டு ஆலைத் துணி நம் அங்காடிகளை நிறைத்தது, தறிகள் ஓய்ந்தன. அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்த தூத்துக்குடியில், 1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார் வ. உ. சிதம்பரனார். அவர் கப்பலோடு நில்லாமல், தரும சங்க நெசவுச் சாலையையும் பண்டகசாலையையும் அமைக்க முயன்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. நாட்டுப் பொருளை ஆக்குவதும், ஏற்றுவதும், விற்பதும் ஒருங்கே நடைபெறவேண்டும் என்று அப்பெருமகனார் உணர்ந்திருந்தார்.

விற்பனையைத் தாமே மேற்கொள்ளும் கூட்டுறவு நெறி மேலை நாட்டில் அதற்கு முன்பே தழைத்திருந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவாலை ஊரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். நெசவாளரும் பிற தொழிலாளரும் ஆகிய அவர்கள் ஆளுக்கு ஒரு பவுன் முதலிட்டனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுத்திரி போன்ற சில பொருள்களே முதலில் அக்கடையில் இருந்தன. கலப்படமின்மை, சரியான எடை, இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளல் என்னும் அவர்தம் முறைகள் உலகெங்கும் பரவின. நம் நாட்டிலும் 1904-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கப்பெற்றது. ஒரு கடை தன் உறுப்பினர்க்கே உரியதாகி நடக்கக்கூடும் என்பதை அது தமிழ் மக்களுக்குக் காட்டியது.

அந்நெறியில் கைத்தறிக்கென்று எழுந்த பேரமைப்பே கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் வழங்கும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகும். 1929-இல் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. ஆலைத் துணியின் போட்டியும் கடுமையாயிற்று. தறிக்காரர் கடனில் மூழ்கினர். அந்நிலையில், 1935-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இச்சங்கம் தோன்றியது. இதன் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. ஊர்தோறும் நெசவாளர் சேர்ந்து தொடக்கச் சங்கம் அமைப்பர். அச்சங்கம் நூலை வாங்கி உறுப்பினர்க்கு அளித்து, நெய்த துணிக்குக் கூலி கொடுத்துத் துணியைப் பெற்றுக்கொள்ளும். இத்தகைய சங்கங்கள் இன்று தமிழ்நாட்டில் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றின் துணிகளை வாங்கி, தன் விற்பனை நிலையங்களில் மக்களுக்கு விற்பது தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்சின் பணி. பல ஊர்ச் சிற்றாறுகள் ஓர் ஏரியில் நிறைந்து, அங்கிருந்து பல கால்களாகப் பிரிந்து வயலை அடைவது போன்றது இவ்வேற்பாடு. இன்று நூற்றுக்கு மேற்பட்ட விற்பனை நிலையங்கள் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் இதற்கு உள்ளன. வண்ணத்துப்பூச்சியைச் சின்னமாகக் கொண்ட அந்நிலையத்தைக் காணாத நகரத்தார் மிகச் சிலரே.

இத்தகைய அங்காடியால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, ஓயாத வேலை. மணக்காலம் அல்லாத திங்களிலும் துணியை வாங்கி அடுக்கிவைக்க இயலுமாதலால், தறி ஓயாது. இரண்டாவது, உறுதியான கூலி. விலையைப் பேசுவோர் பசித்த ஒருவர் அல்லர். பலர் சேர்ந்த சங்கம். ஆதலின் கூலி ஒருவர் மனம்போல் தாழாது. மூன்றாவது, செய்தி. நகரத்தார் எவ்வண்ணத்தை விரும்புகின்றனர், எக்கரையை வெறுக்கின்றனர் என்பதைத் தொலைவில் உள்ள நெசவாளி அறியமாட்டார். அங்காடி அதனை அறிந்து அவருக்கு உரைக்கும். வீரவநல்லூரில் நெய்யப்படும் செடிபுட்டாச் சேலை, தன் ஊரெல்லையைக் கடந்து அறியப்படுதற்கு இவ்வகை இணைப்பே துணையாகும்.

நாடு விடுதலை பெற்றபின், அரசும் கைத்தறிக்குத் துணை நின்றது. 1952-ஆம் ஆண்டு அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. அவ்வாரியம் 2020-ஆம் ஆண்டுவரை நிலவியது. 1953-இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்றினால் ஆலைத் துணியின்மேல் கெசத்திற்கு மூன்று தம்படி வரி விதிக்கப்பெற்றது. பன்னிரண்டு தம்படி கொண்டது ஓர் அணா. அச்சிறு வரியால் திரண்ட பொருள் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடப்பெற்றது. பேராலையின் ஆக்கத்தில் ஒரு துளியைச் சிறு தறிக்குப் பகிர்ந்தளித்த முறை அது. கைவினைப் பொருள்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1973-இல் ஒரு கழகத்தை ஏற்படுத்தி, அதன் விற்பனை நிலையங்களுக்குப் பழந்துறைமுகத்தின் பெயரால் பூம்புகார் என்று பெயரிட்டது. சுவாமிமலைச் செப்புத் திருமேனியும், தஞ்சைத் தட்டும், நாச்சியார்கோயில் விளக்கும் அங்கே ஒரு கூரையின்கீழ்ச் சேர்ந்தன.

காலத்திற்கேற்ற மாற்றமும் இவ்வங்காடிகளில் நிகழ்ந்து வருகின்றது. பூச்சிக்கொல்லியும் செயற்கை உரமும் இன்றி விளைந்த பருத்தியில் நெய்த சேலைகளையும், மரப்பட்டை, வேர், கனி ஆகியவற்றின் சாயம் ஏற்றிய துணிகளையும் கோ-ஆப்டெக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைச் சேலையோடு இணைத்து விற்கவும் செய்தது. சிறியதாகத் தோன்றும் இச்செயலின் பொருள் பெரிது. விலைச்சீட்டு ஒன்றையே கண்டு வந்தவர், அத்துணியின் பின்னே ஒரு மனிதரின் முகம் இருப்பதைக் காண்கின்றார். முகத்தைக் கண்டபின் விலையைக் குறைத்துக் கேட்க நா எழுவதில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வுறவு ஆராயத்தக்கதாய் உள்ளது. பிலிப்பைன்ஸ் நாட்டின் சாமர் தீவில் பாசேய் என்னும் ஊர் இருக்கின்றது. அதனை அந்நாட்டின் பத்தமடை என்று கூறலாம். அங்கும் சதுப்பு நிலத்துக் கோரை இனமாகிய டிக்கோக் என்னும் புல்லை அறுத்து, உலர்த்தி, சாயமிட்டுப் பெண்டிர் பாய் முடைகின்றனர். அப்பாய்க்குப் பனிக் என்று பெயர். வெயிலின் வெப்பத்தால் புல் உலர்ந்து முறியுமாதலால், குளிர்ச்சி பொருந்திய மலைக்குகை ஒன்றில் அமர்ந்து பலர் கூடி முடையும் வழக்கமும் அவ்வூரில் உண்டு. பொருநைக் கரையில் நீரில் ஊறவைத்துப் பெறும் மென்மையை, அவர்கள் குகையின் ஈரக்காற்றால் காத்துக்கொள்கின்றனர். நிலம் வேறு, மொழி வேறு. புல்லின் இயல்பறிந்த அறிவு ஒன்றே.

அந்நாட்டின் தலைநகராகிய மணிலாவில், சீன நாட்டிலிருந்து சிறுவராய் வந்து குடியேறிய ஹென்றி சீ என்பவர் 1958-இல் காலணிக் கடை ஒன்றை நிறுவினார். ஷூமார்ட் என்னும் அக்கடை படிப்படியாக வளர்ந்து, எஸ்.எம். என்னும் பெரும் வாணிகக் குழுவாயிற்று. 1985-இல் மாபெரும் வணிக வளாகம் ஒன்றையும் அது திறந்தது. அக்குழுவினர், நாட்டுக் கைவினைப் பொருள்களுக்கென்றே குல்தூரா என்னும் கடைகளை நடத்துகின்றனர். ஓலை, நார், மரம், சிப்பி ஆகியவற்றால் ஊரகத்தார் செய்யும் பொருள்கள் அங்கே நகரத்தார்க்கும் வெளிநாட்டார்க்கும் விற்கப்படுகின்றன. கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூடி எழுப்பிய அங்காடி. குல்தூரா தனியார் முதலால் எழுந்த அங்காடி. பிறப்பால் வேறுபடினும், சிற்றூரின் கைத்திறனைப் பேரூரின் கண்முன் நிறுத்தும் தொழில் இரண்டிற்கும் பொதுவாகும்.

அங்காடி வளர்வது நன்றே. ஆயினும் அவ்வளர்ச்சியில் கருதவேண்டிய இடையூறுகளும் உள. கடை பெருகப் பெருக, ஒரேவகைப் பொருள் ஆயிரக்கணக்கில், குறித்த நாளில் வேண்டும் என்று கேட்கும் நிலை வரும். கையால் செய்யும் இரண்டு பாய்கள் முழுதும் ஒத்திரா. மழைக்காலத்தில் கோரை உலராது. சாயம் பிடிக்கக் காலமாகும். இவ்வியல்பை உணராமல் விரைவுபடுத்தினால், கைவினைஞர் தம் நேர்த்தியைக் கைவிடுவர். அன்றேல் தொழிலையே கைவிடுவர். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று கூறி விற்கும் பொய் வாணிகமும் பெருகியுள்ளது. குறிப்பிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பெற்றதும், கைத்தறித் துணியை அடையாளம் காண 2006-இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டதும் இப்பொய்யைத் தடுக்கும் பொருட்டே. தள்ளுபடி அறிவிக்கும் நாளில் மட்டும் கூடிவிட்டு, மற்ற நாளில் அவ்வழி செல்லாத வாங்குவோரின் பழக்கமும் ஒரு குறையேயாகும். தள்ளுபடி என்பது நோயுற்றார்க்கு அளிக்கும் மருந்து போன்றது. அதுவே உணவாகிவிட்டால் உடல் தேறாது.

இவ்விடையூறுகளின் விளைவைக் கணக்கு காட்டுகின்றது. இந்தியாவில் 2009–10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்து 43 லட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். 2019–20-இல் எடுத்த கணக்கெடுப்பில் அவர்கள் 35 லட்சம் பேராயினர். பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டனர். எஞ்சியோருள் நூற்றுக்கு எழுபதிற்கு மேற்பட்டோர் பெண்டிர். எட்டு லட்சம் என்பது வெறும் எண்ணன்று. பாவு நூலை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று விரல் நுனியால் அறிந்த அறிவு எட்டு லட்சம் கைகளை விட்டு நீங்கிற்று என்பதே அதன் பொருள். அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பட்டதன்று. கையிலிருந்து கைக்கு வருவது. இடையில் ஒரு கை விடுபட்டால், அதனை மீண்டும் பெறுவது அரிதினும் அரிது. தொழிலை விட்டு நீங்கியோரைக் குறைகூறுதல் முறையன்று. தம் மக்கள் பசியாதிருக்க வேறு வழி தேடியவர் அவர்கள். அவர் நீங்காதிருக்கத்தக்க விலையை நாடு கொடுத்ததா என்பதே கேட்கவேண்டிய வினா.

ஆகவே, கைவினை வாழ்வதற்கு மூவர் கடமை வேண்டப்படுகின்றது. செய்வோர் தம் நேர்த்தியில் குறைவு நேராமல் காத்தல் வேண்டும். விற்போர் செய்வோர்க்கு உரிய பங்கினைக் குறையாது கொடுத்தல் வேண்டும். வாங்குவோர் பொருளின் மெய்ம்மையை ஆராய்ந்து அறிந்து, உரிய விலையை மனமுவந்து தருதல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று தவறினும் மற்ற இரண்டும் பயனற்றுப்போம். முக்காலியின் கால்களுள் ஒன்று முறிந்தால் மற்ற இரண்டு தாங்குமோ?

மாணவர் இன்று கற்போர். நாளை பொருளீட்டி வாங்குவோர். சிலர் அங்காடி நடத்துவோராகவும் ஆவர். ஒரு பாயையோ பெட்டியையோ துணியையோ கையில் எடுக்கும்போது, இது எதனால் ஆனது, எவர் செய்தது, பழமையுற்றபின் என்னாகும் என்னும் மூன்று வினாக்களை அவர்கள் தம்முள் எழுப்புவாராக. விலை மிகுதி என்று தோன்றின், அதனைச் செய்ய ஆன நாளால் வகுத்துப் பார்ப்பாராக. அவ்வாறு வகுத்துப் பார்க்கும் பழக்கம் நாட்டில் பரவுமாயின், பொருநைக் கரையில் கோரை அறுக்கும் கையும், கூடங்குளத்துக் கடற்கரையில் ஓலை வகிரும் கையும் தம் தொழிலைத் தம் மக்கட்குக் கற்பிக்கத் தயங்கா. புல்லை நம்பி வாழ்வோர் நாட்டின் அறத்தையும் நம்பி வாழ்கின்றனர். அந்நம்பிக்கை பொய்யாகாமற் காப்பது நம் அனைவர்க்கும் கடன்.